காவிரியில் திறந்த தண்ணீர் வேறு, செலவான தண்ணீர் வேறு

மேட்டூரில் எத்தனை அடி, எத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று தினமும் செய்தி வருகிறது. அந்தத் தண்ணீரில் ஆவியாகியோ வெளியே எடுக்கப்பட்டோ காவிரிப் படுகையை விட்டே போனது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சண்டையே அந்த எண்ணில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது, ஆற்றிலிருந்து குறைந்துபோகும் நீரையே பயன்பாடு என்று எடுத்துக்கொண்டது. அணைகளின் ஆவியாதலும் அதில் சேரும். அதனால்தான் குடிநீருக்கு எடுப்பதில் 20 விழுக்காடும், தொழிற்சாலைக்கு எடுப்பதில் 2.5 விழுக்காடும் மட்டுமே செலவு என்று வைத்தார்கள். மீதி திரும்பிவிடும் என்ற நம்பிக்கை.

பெங்களூரைப் பாருங்கள். நகரம் படுகையின் விளிம்பில் இருக்கிறது. மேற்குப் பகுதியின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு வந்து காவிரியில் சேர்கிறது. கிழக்குப் பகுதியின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணைக்குப் போகிறது. சுத்திகரித்ததில் ஒரு பங்கைக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். படுகை தாண்டிய நீர் காவிரிக்கு முழுச் செலவு, 20 விழுக்காடு அல்ல. நம் பக்கமும் இதே கதைதான். வீராணத்திலிருந்து சென்னைக்கு நாளுக்கு 18 கோடி லிட்டர் என்று ஆண்டு முழுக்க எடுத்தால் 2.3 டி.எம்.சி.; அதில் ஒரு சொட்டும் திரும்பாது. இரண்டு மாநிலமும் இதை நேர்மையாக எழுதிவைக்க வேண்டும்.

அணை ஆவியாதலைக் கணக்கிடுவது கடினமில்லை. மேட்டூர் 120 அடி நிரம்பினால் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கி.மீ. ஒரு நாளில் 5 மி.மீ. ஆவியானால் 2.7 கோடி கன அடி, அதாவது நாள் முழுக்க நொடிக்குச் சுமார் 313 கன அடி திறந்துவிட்டதற்குச் சமம். நூறு நாளில் 2.7 டி.எம்.சி. தவறு நுழைவது இரண்டு இடத்தில். ஆவியாதலை அளக்கத் திறந்த வெளியில் வைக்கும் நீர்த்தட்டான ஆவிக்கலத்தின் அளவை 0.7-ஆல் பெருக்கும் வழக்கம் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது, ஏனென்றால் ஆழமான நீர்த்தேக்கம் வெப்பத்தைச் சேமித்து வைத்துத் தாமதமாக விடும். பறவைகளுக்காகக் கலத்தின் மேல் போடும் கம்பிவலையும் அளவைக் குறைத்துக் காட்டும். இன்னொன்று வண்டல்: பழைய கொள்ளளவு அட்டவணையை வைத்துக்கொண்டிருந்தால் இருப்புக் கணக்கே பிசகும்.

பெரிய செலவு நெல்தான். குறுவை 110 நாள், பயிரும் வயலும் சேர்த்து ஆவியாக விடுவது நாளுக்குச் சராசரி 5.5 மி.மீ. என்றால் 605 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு அடி. ஏக்கருக்குச் சுமார் 86,500 கன அடி. நொடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுக்க ஓடுவதற்குச் சமம். லட்சம் ஏக்கருக்குச் சுமார் 8.65 டி.எம்.சி. இதில் மழை கொடுத்த பங்கைக் கழித்தால் மீதிதான் ஆற்றின் கணக்கு.

நாற்றங்கால், சேற்றுழவு, கசிவுக்கென்று வயலுக்குக் கூடுதலாக விடும் நீரை உடனே ‘விரயம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதை ஏற்க முடியாது. கல்லணைக் கால்வாயின் மணற்பாங்கான நிலத்தில் இறங்கிய நீரை அடுத்த ஊர் ஆழ்துளைக் கிணறு எடுத்துக்கொள்கிறது. நாகப்பட்டினம் கரையோரத்தில் உவர் நிலத்தடி நீரில் கலந்தால் அதுதான் இழப்பு. வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டு மிச்சப்படுத்தினோம் என்று சொல்லும் முன், அந்தக் கசிவை யார் இறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் அளந்துவிடும் என்பதும் பாதி உண்மை. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் படம் மேகத்தை ஊடுருவாது. சம்பா வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும். பரப்பளவுக்கு சென்டினல்-1 ரேடார் கைகொடுக்கும், ஆவியாதலுக்கு அது போதாது. நாசாவின் மோடிஸ் கருவி தரும் ஆயத்த ஆவியாதல் வரைபடம் பாசன வயல்களைக் குறைத்தே காட்டும் தன்மையுள்ளது. நிலத்தின் வெப்பநிலையை அது கணக்கில் எடுப்பதில்லை.

எனக்குப் பெரிய கவலை ஆற்று அளவீடுதான். மணல் அள்ளி ஆற்றின் அடித்தளம் இறங்கினால், நீர்மட்டத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்லும் பழைய வளைகோடு பொய் சொல்லும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, எல்லையில் உள்ள பில்லிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் ஆண்டுக்கு வரவேண்டியது 177.25 டி.எம்.சி. அளவில் 5 விழுக்காடு பிழை வந்தாலே கிட்டத்தட்ட 9 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கியதே 10-தான். இந்தப் பிழையும், மீட்டர் இல்லாத பம்புசெட்டுகள் எடுப்பதும், கசிவும் ஒன்றாகச் சேர்ந்து ‘இழப்பு’ என்ற ஒரே வரியில் ஒளிந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுக்கு 1968 சட்டப்படி 1971 முதல் செலவும் இழப்பும் தனித்தனியாகக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். காவிரி மேலாண்மை ஆணையமும் ஆண்டுதோறும் அப்படிச் செய்ய வேண்டும்: ஆவியாதல், பயிர், குடிநீர், படுகை தாண்டியது, கணக்கில் வராதது எனத் தனித்தனி வரிசை, ஒவ்வொன்றுக்கும் பிழை வரம்பு. மேட்டூர் முதல் முக்கொம்பு வரையில் தொடங்கலாம். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் அங்கேதான் சேர்கின்றன. நீரேற்றுப் பாசனமும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன.