ஜூடி பெர்கின்ஸ் பெயரைச் சொல்லி விற்காதீர்கள்

மரபணு திருத்திய நோய் எதிர்ப்புச் செல் சிகிச்சை என்று பேச்செடுத்தாலே ஜூடி பெர்கின்ஸ் கதையைப் பகிர்ந்துவிடுகிறார்கள். ப்ளோரிடாவைச் சேர்ந்த பொறியாளர். மார்பகப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவி, கீமோவும் பலிக்காத நிலை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு அவரது கட்டியிலிருந்தே டி செல்களை (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) எடுத்தது. கட்டியில் இருந்த 62 மரபணு மாற்றங்களில் 4 மாற்றங்களை அடையாளம் காணும் செல்களைப் பிரித்து, 8,000 கோடிக்கும் மேலாகப் பெருக்கி உடலில் திரும்பச் செலுத்தினார்கள். நோய் மறைந்தது.

எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் செல்களில் யாரும் எந்த மரபணுவையும் திருத்தவில்லை! 2022இல் வெளியான கணக்கின்படி, இதே முறையில் சிகிச்சை பெற்ற 6 பேரில் 3 பேருக்குக் கட்டி சுருங்கியது. முழுதாக மறைந்தது ஒருவருக்கு மட்டுமே.

திருத்திய செல்களின் கதை வேறு. ரத்தத்திலிருந்து டி செல்களை எடுத்து, மரபணுவை வெட்டும் கருவியான கிரிஸ்பரால், இலக்கை அடையாளம் காணும் அவற்றின் பழைய ஏற்பியை நீக்கிவிட்டு, அந்த நோயாளியின் கட்டியை மட்டும் கண்டுபிடிக்கும் ஏற்பியைப் பொருத்துகிறார்கள். புற்றுநோய் ஆய்வாளர் அன்டோனி ரிபாஸ் பங்கேற்ற ஆய்வில் 16 பேருக்கு இதைச் செலுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயாளிகளும் உண்டு. 5 பேருக்கு நோய் வளராமல் நின்றது, 11 பேருக்கு வளர்ந்தது. என் பார்வையில் இது தோல்வி அல்ல. திருத்திய செல்கள் கட்டிக்குள் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். ஆனால் இதை மருந்து என்று சொல்ல இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

ரத்தப் புற்றுநோயில் கார்-டி (செயற்கை ஏற்பி பொருத்திய டி செல்கள்) ஜெயிக்கிறதே, இதில் ஏன் இழுபறி என்று கேட்கலாம். அங்கே இலக்கு பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள். நல்ல பி செல்களும் சேர்ந்து அழிந்தாலும் ஆளைக் காப்பாற்றிவிடலாம். சில மார்பகக் கட்டிகளில் அதிகமாக இருக்கும் ஹெர்2 என்ற புரதம் நுரையீரலிலும் கொஞ்சம் இருக்கிறது. ஹெர்2-ஐக் குறிவைத்த செல்களைப் பெற்ற ஒரு குடல் புற்றுநோயாளி சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, ஐந்தே நாளில் இறந்தார். 2010இல் ரோசன்பெர்க் குழுவே அதை மறைக்காமல் எழுதியது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

அதனால்தான், "செல் தெரபி இருக்கு, இத்தனை லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. இது ஆய்வு என்றால், ஆய்வுக்கான செலவை நோயாளி தலையில் கட்டக்கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகள். ஆய்வு இல்லை, அங்கீகரித்த சிகிச்சை என்றால், மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் தந்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.