பூம்புகார் இல்லீங்க, காவேரிப்பட்டணம்

கிருஷ்ணகிரி பக்கம் நம்ம காவேரிப்பட்டணத்து மேடையில ஒருத்தரு ஊரைக் கிண்டல் பண்ணிப் பேசினாரே, அந்த வீடியோவை இதுவரைக்கும் பதினாலு பேரு எனக்கு அனுப்பிட்டீங்க. பாத்துட்டேன், போதும். ஒரு தடவை இல்ல, ஆறேழு தடவை பாத்துட்டேன். இன்னும் அனுப்பறவங்க நான் எப்படி எகிறப் போறேன்னு வேடிக்கை பாக்கத்தான் அனுப்பறீங்க, அதுவும் தெரியும். சரி, எகிறிடறேன்.

பேசினவரு பேரைச் சொல்ல மாட்டேன். அவரு வெளியூரு. கூப்பிட்டாங்க, வந்தாரு, பொன்னாடை போட்டாங்க, பேசினாரு, கவரை வாங்கிட்டு கார் ஏறிட்டாரு. "பேருல காவேரி இருக்கு, ஊருல ஓடறது பெண்ணையாறு. பேருல பட்டணம் இருக்கு, வந்து பாத்தா டவுன் பஞ்சாயத்து. வரலாறு வேணுங்கறவங்க பூம்புகாருக்குப் போங்க, மாங்கா வேணுங்கறவங்க இங்க வாங்க." இவ்ளோதான் அவரு சொன்னது. அந்த இடத்துல கேமரா அப்படியே திரும்புது பாருங்க, முன்வரிசைக்கு. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச முகம். கைதட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாங்க. ஒருத்தரு கண்ணைத் துடைச்சிக்கறாரு.

அவரு பேசினதுக்கு எனக்குக் கோவமில்ல. (கொஞ்சம் இருக்கு.) அந்தக் கைதட்டல்தான் ரெண்டு நாளா தூங்க விடல.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வரலாறு இல்லங்கறது வேற, வரலாறு தெரியாதுங்கறது வேற. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்க, யாரும் உங்களை அடிக்கப் போறதில்ல. இல்லன்னு சொல்லாதீங்க.

1767 ஆகஸ்டுல ஹைதர் அலி கிழக்கே இறங்கி வந்தப்போ வெள்ளைக்காரன்கிட்ட இருந்து மொதல்ல பிடிச்ச கோட்டை எந்த ஊரு கோட்டை? டவுன் பஞ்சாயத்துன்னு சொன்னீங்களே, அதே ஊரு. அதுக்கப்புறம்தான் செப்டம்பர்ல செங்கம் சண்டை, திருவண்ணாமலை சண்டை எல்லாம். மைசூர்ப் போருன்னு பாடத்துல நாலு வரி படிச்சோமே, அதுல மொதல் போரோட ஆரம்பம் நம்ம ஆத்தங்கரையில. அதே ஊருல பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன், ஒரு வாத்தியார் இதை வாயைத் திறந்து சொன்னதில்ல. பானிப்பட் எத்தனை தடவை நடந்துச்சுன்னு கேட்டு முட்டி போட வெச்சாங்க.

அப்புறம் 1792. ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல திப்பு கையை விட்டுப் போன நிலத்துல நம்ம பாராமகாலும் ஒண்ணு (கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்கு அப்போ அந்தப் பேரு). அதை நிர்வாகம் பண்ண வெள்ளைக்காரக் கம்பெனியோட கேப்டன் ரீடு வந்தாரு, அவருக்குக் கீழ தாமஸ் மன்றோ. நடுவுல ஜமீன்தார் இல்லாம நேரா குடியானவன்கிட்டயே வரி வாங்கற ரயத்துவாரி முறையை இவங்க செஞ்சு பாத்தது இந்த மண்ணுலதான். அது இங்க இருந்துதான் மாகாணம் பூரா போச்சு. மெட்ராஸ்ல தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரை மேல ஒருத்தரு உக்காந்திருக்காரே, அவரேதான் மன்றோ. கவர்னர் ஆகறதுக்கு முன்னாடி அவரு தொழில் கத்துக்கிட்ட இடம் நம்ம பக்கத்துக் கொல்லைமேடு. உங்க வீட்டு பீரோல பட்டா இருக்குதில்ல, அதோட பூட்டன் பாட்டனைத் தேடிப் போனா வழி இந்தப் பக்கம்தான் வரும். மாங்கா மட்டும் விளையறதில்லீங்க இங்க.

இன்னும் மேல போகணுமா? பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில தோண்டி எடுத்ததை வெச்சுத்தான், தமிழ்நாட்டுல கி.மு. 2172-லயே இரும்பு இருந்துச்சுன்னு 2022-ல சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. அந்த வாரம் ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் வெச்சோம், அடுத்த வாரம் மறந்துட்டோம். பெண்ணையாறுன்னு இளக்காரமா சொன்னாரே, அதே ஆத்தோட போங்க. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைன்னு ஒரு ஊரு வரும். அதியமான் நெடுமான் அஞ்சி பேரு வெட்டின தமிழ்ப் பிராமி கல்வெட்டு 1981-ல கிடைச்சது அங்கதான். ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமான், தகடூர் அதியமான், நம்ம தர்மபுரிக்காரன். காவேரி இல்லாத குறைக்கு எங்க ஆத்துக்கு இது போதாதா?

நடுகல்லை எடுத்துக்கங்க. எங்க பக்கம் ஏரிக்கரைக்குப் போனா, புங்கமரத்தடியில வில்லும் கத்தியும் பிடிச்ச ஆளு செதுக்கின கல்லு நிக்கும். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனோ, ஊரைக் காக்கப் போய்ச் செத்தவனோ, எவனோ ஒரு வீரன். அதுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, வேடியப்பன்னு பேரு சொல்லிப் பொங்கல் வெக்கறோம். என் கிளாஸ்ல மட்டும் மூணு வேடியப்பன். பெரிய வேடி, சின்ன வேடி, கண்ணாடி வேடி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்த ஒருத்தன் பேருல மூணு பசங்க ஒரே பெஞ்சுல உக்காந்து முட்டை போண்டா தின்ன ஊரு சாமி இது. இங்க வரலாறு இல்லையாம்.

சரி, இப்போ ஒரு விஷயம் சொல்லணும். சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன். சொல்லாம விட்டா இந்தப் பதிவே பொய்யாயிடும்.

காலேஜ் சேந்த மொத நாளு, சென்னையில. ஒவ்வொருத்தரா எழுந்து பேரும் ஊரும் சொல்லணும். நான் காவேரிப்பட்டணம்னேன். சாருக்கு முகம் மலர்ந்து போச்சு. "அடடே, காவிரிப்பூம்பட்டினமா! கண்ணகி பொறந்த ஊரா!" மொத்த கிளாஸும் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு முன்னாடி ஒரு பையன் தர்மபுரின்னு சொன்னதுக்கு, "தண்ணியில்லாக் காடு, யாரையாவது பிடிக்கலன்னா அங்கதான் மாத்துவாங்க"ன்னு சொல்லி ஒரு ரவுண்டு சிரிச்சு முடிச்சிருந்தாங்க. நான் நின்னுக்கிட்டே யோசிச்சேன், ரெண்டு செகண்டு இருக்கும்.

"ஆமாங்க சார்"னேன்.

மூணு வருஷம். மூணு வருஷமும் நான் பூம்புகார்க்காரன். கடல் காத்து எப்படி இருக்கும், மீன் என்ன விலை, எல்லாம் சொல்லியிருக்கேன். கடலை நான் மொதல்ல பாத்ததே மெரினாவுல.

ரெண்டாம் வருஷ லீவுல ரூம்மேட் ஒருத்தன் சொல்லாம கொள்ளாம ஊருக்கே வந்துட்டான். பைபாஸ்ல இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, வீட்டு வாசல்ல வந்து நிக்கறான். நான் கடைக்குப் போயிருந்தேன். ஆயாதான் இருந்துது. களியும் கீரையும் போட்டுது. சாப்பிட்டுட்டுக் கேட்டிருக்கான், "பாட்டி, கடல் எந்தப் பக்கம்?" ஆயாவுக்கு ஒண்ணும் புரியல. ஆனா வந்த புள்ளைகிட்ட இல்லன்னு சொல்ல அதுக்கு மனசு வராது. "வா கண்ணு, காட்டறேன்"னு கையைப் பிடிச்சிட்டுப் போய் ஆத்தங்கரையில நிறுத்தியிருக்குது. நான் ஓடிப் போய்ப் பாத்தா ரெண்டு பேரும் நின்னுட்டிருக்காங்க. சித்திரை மாசம், எதுக்கால பூரா மணலு, நடுவுல ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணி. ஆயா சொல்லுது: "இப்போ இப்படிக் கிடக்குது. டேம் திறந்து வுட்டா அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் கடலுதான் சாமி."

அவன் என்னைப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. ராத்திரி பாரதக் கூத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், வேற என்னத்தைக் காட்டறது? அர்ச்சுனன் தபசு. விடிய விடிய உக்காந்து பாத்தான். படுகளத்தன்னைக்கும் இருந்தான். களிமண்ணுல அவ்ளோ நீளத்துக்கு துரியோதனனைப் படுக்க வெச்சு, ஊரே சுத்தி நிக்கற அந்தக் காட்சியைப் பாத்துட்டு, "இதை ஏன்டா ஒரு நாள்கூட சொல்லல"ன்னான். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

இப்போ கமென்ட்ல என்ன வரும்னு தெரியும். நானே சொல்லிடறேன்.

"ஒரு ஜோக்குக்கு இவ்ளோ பெரிய பதிவா ப்ரோ?" ஆமா ப்ரோ. மதுரை மேடையில நின்னு மதுரைக்கு வரலாறு இல்லன்னு ஜோக் அடிச்சுப் பாக்கட்டும். தஞ்சாவூருல அடிக்கட்டும். அடிக்க மாட்டாங்க. திருப்பிக் கேக்க ஆளிருக்கற ஊருல யாரும் இந்த ஜோக்கை அடிக்கறதில்ல. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவுல டீ குடிக்க நிறுத்தற ஊருதானேங்கற தைரியம். சினிமாவுல போலீஸ்காரரை தர்மபுரிக்கு மாத்துனா தியேட்டர் சிரிக்குது. இங்க பொறந்தவன் அந்த தியேட்டர்ல டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கான்னு யாராவது நினைச்சிருக்கீங்களா? நானும் சேந்து சிரிச்சிருக்கேன், அது வேற.

"நீ பெங்களூருல ஏசியில உக்காந்துட்டு ஊர்ப்பாசம் பேசறே." பேசுவேன். ஊருலயே இருக்கறவங்க முன்வரிசையில உக்காந்து கைதட்டினா வெளிய இருக்கறவன்தான் பேசணும். எங்கம்மாவுக்கு மாசாமாசம் மாத்திரை வாங்கித் தர நான்தான் வர்றேன், ஏசி வர்றதில்ல.

"ஊர்ப் பெருமை கடைசியில சாதிப் பெருமையிலதான் போய் நிக்கும். 2012 நவம்பர்ல நாயக்கன்கொட்டாய் பக்கம் மூணு தலித் காலனியை எரிச்சதும் உங்க தர்மபுரி வரலாறுதானே?" வரலாறுதான். ஒத்துக்கறேன். அதைப் பத்தி இந்தப் பதிவுல... இல்ல, அது தனியா எழுத வேண்டிய விஷயம். தனியா எழுதறேன். அதை எழுதற அன்னைக்கு இப்போ லைக் போடறவங்கள்ல எத்தனை பேரு இருப்பீங்கன்னு பாக்கலாம்.

"பேரு குழப்பமா இருக்குதுன்னா மாத்திடலாமே." வணக்கம் வெச்சுக்கறேன் ஐயா. மாத்தறது எங்களுக்குப் புதுசா? நான் பொறந்தது தர்மபுரி மாவட்டம். அதுவே 1965-ல சேலத்துல இருந்து பிரிஞ்சது. 2004 பிப்ரவரியில மறுபடி பிரிச்சு, கிருஷ்ணகிரி மாவட்டம்னுட்டாங்க. எங்க தாத்தா ஒரே திண்ணையில உக்காந்தபடி மூணு மாவட்டத்துல இருந்துட்டாரு. பேரையாவது விட்டு வைங்க.

ரயிலும் அப்படித்தான். 1905-லயே திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடிச்சு. சின்ன ரயிலு, குறுகின பாதை. 1941-ல, ரெண்டாம் உலகப் போர் நேரத்துல நிறுத்தினாங்க. இன்னைக்கு மாவட்டத் தலைநகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. இருந்து போனது இது. ஆனா கேட்டுப் பாருங்க, "உங்க ஊருக்கு ரயிலே வந்ததில்லையா, பாவம்"பாங்க. பாத்தீங்களா, மறுபடியும் அதே. இல்லங்கறது வேற.

பஸ்ஸாவது இருக்குதேன்னு பாத்தா, "காவேரிப்பட்டணம் உள்ள போகாது, பைபாஸ்லதான் இறங்கணும்"னு ஏறும்போதே சொல்லிடறாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த பைபாஸ்ல பையோட இறங்கி, லாரி வெளிச்சத்துல ரோட்டைத் தாண்டிப் பாருங்க. ஊரைச் சுத்திட்டுப் போறதுக்கு ரோடு போட்டாங்க, சரி. ஊரே இல்லாத மாதிரி போறதுக்கு யாரு சொன்னது? கோட்டையைப் பிடிக்க வந்த ஹைதர்கூட உள்ளதான் வந்தான்.

ஆத்தைப் பத்தி ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. பெங்களூரு கழிவெல்லாம் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டும்போது நுரை பனிமலை மாதிரி நிக்குது, எல்லா சேனலும் வந்து படம் பிடிக்குது. அந்தத் தண்ணிதான் கிருஷ்ணகிரி டேமுக்கு வந்து எங்க ஊருக்கு இறங்குது. நான் வேலை செய்யற ஊரு கழுவி ஊத்தறது, எங்கம்மா இருக்கற ஊருக்குப் போய்ச் சேருது. சம்பளம் அங்க வாங்கறேன், நுரை இங்க வருது. இதுல நான் யாரைத் திட்டறது? மேடையில அவரு ஆத்தைக் கிண்டல் பண்ணப்போ முன்வரிசையில சிரிச்சாரே ஒருத்தரு, கண்ணைத் துடைச்சிக்கிட்டாரே, அவரு தென்னந்தோப்புக்குப் பாயறதும் அதே தண்ணி.

அவரைச் சொல்லி என்ன பண்ண. கிளாஸ்ல எழுந்து நின்னு "ஆமாங்க சார்"னவன் நான். அவங்க ஒரு தடவை கைதட்டினாங்க. நான் மூணு வருஷம் தட்டியிருக்கேன்.

ஆயா போய் ஒம்போது வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பையனைக் கேட்டுட்டே இருந்துது, "அந்தக் கடல் பாக்க வந்த புள்ள நல்லா இருக்குதா?"

அந்த வீடியோ பதினாலு பேரு அனுப்பினாங்கன்னு சொன்னேனில்ல, மொதல்ல அனுப்பினது அவன்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி, பன்னெண்டே காலுக்கு, துபாயில இருந்து. கீழ ஒரு வரி போட்டிருந்தான்.

"டேம் திறந்தாங்களாடா?"

இன்னும் பதில் போடல.