பாராட்டியது போதும், பாக்கியைக் கொடுங்கள்

கென்டக்கி மாநிலத்தில் ஃபிராங்க்ஃபோர்ட் என்று ஒரு ஊர். அங்கே கென்டக்கி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையில் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி நடக்கும். 1997லிருந்து நடந்துவருகிறது. ஒரு செப்டம்பரில் நானும் போயிருந்தேன். கையில் ஒரு பழத்தைக் கொடுத்து, பாவ்பாவ் என்றார்கள். நம் பப்பாளியையும் சில நாடுகளில் அப்படிச் சொல்வார்கள், ஆனால் இது வேறு. பச்சைத் தோல். அழுத்தினால் பழுத்த மாம்பழம் மாதிரி அமுங்கியது. நறுக்கினால் மஞ்சள் சதை, நடுவே வரிசையாகப் பெரிய கருங்கொட்டைகள். வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது, இது நம் சீத்தாப்பழத்துக்குப் பங்காளி! தாவரவியல்படியும் ஒரே குடும்பம்தான்.

கிழக்கு அமெரிக்கக் காடுகளில் தானாக வளரும் மரம் இது. பழம் இரண்டு மூன்று நாளில் கனிந்து போய்விடும், தோலும் லேசில் கன்றிவிடும். அதனால் பெரிய கடைகள் தொடுவதில்லை, பெரிய பல்கலைக்கழகங்களும் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. இந்தச் சின்னப் பல்கலைக்கழகம் 1990லிருந்து இதையே விடாமல் ஆராய்கிறது. பாவ்பாவ் ரகங்களுக்கான நாட்டின் மரபணுச் சேமிப்பும் இங்கேதான் இருக்கிறது. கால் காணி, அரைக் காணி வைத்திருப்பவர் உள்ளூர்ச் சந்தையில் நல்ல விலைக்கு விற்கலாம் என்பதுதான் கணக்கு.

நான் வேளாண்மை படித்தவன். விரிவாக்கக் கல்வித் தாளில், அதாவது ஆராய்ச்சியில் கண்டதை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றிய பாடத்தில், மூன்று ஆண்டுகளை உருப்போட்டிருக்கிறோம். 1862, அமெரிக்காவில் நிலக்கொடைக் கல்லூரிகளுக்கான மாரில் சட்டம். 1887, ஆராய்ச்சி நிலையங்களுக்கான ஹாட்ச் சட்டம். 1914, விரிவாக்கத்துக்கான ஸ்மித்–லீவர் சட்டம். பாடம், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் 1960ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகமும் அதற்குப் பின் நம் மற்ற வேளாண் பல்கலைக்கழகங்களும் வந்தன. ஆனால் 1890 என்ற ஆண்டை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆண்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1862 சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும், காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தார்கள். விற்றுக் கல்லூரி கட்டிக்கொள்ளலாம். (அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. அது தனியே எழுத வேண்டிய கதை.) தெற்கு மாநிலங்களில் அந்தக் கல்லூரிகளின் வாசல் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. மிசிசிப்பியில் 1871ல் தொடங்கிய அல்கார்ன் என்ற கறுப்பினக் கல்லூரி போல ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. 1890ல் வந்த இரண்டாம் சட்டம் மாநிலங்களிடம் சொன்னது இதுதான்: ஒன்று, இனம் பார்க்காமல் சேருங்கள், இல்லையென்றால் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி காட்டுங்கள். தெற்கு எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடவை நிலமும் கிடையாது, ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் மட்டும். அலபாமாவின் டஸ்கீகியையும் சேர்த்து இன்று இந்த வரிசையில் 19 நிறுவனங்கள் இருக்கின்றன. எனக்குப் பாவ்பாவ் கொடுத்த கென்டக்கி ஸ்டேட்டும் அதில் ஒன்று.

டஸ்கீகி என்றதும் அங்கே வேலை பார்த்த கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் நினைவுக்கு வருவார். நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில்கூட 'நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரு வரி வரும். அது தவறு, அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது அதைவிடப் பெரிய வேலை.

1896ல் அவர் அலபாமா வந்தபோது வருடம் தவறாமல் பருத்தி போட்டுப் போட்டு மண் செத்துக் கிடந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். விதையும் கடன், சாப்பாடும் கடன், அறுத்ததில் பாதி நிலக்காரருக்கு. அவர்களிடம் போய் 'யூரியா வாங்கு' என்கிற மாதிரி ஆலோசனை சொல்லி என்ன பயன்? கார்வர் காசு கேட்காத வழியைத் தேடினார். காட்டு இலையையும் சதுப்புச் சேற்றையும் மட்க வைத்து எரு ஆக்கினார். தட்டைப்பயறு, நிலக்கடலை போட்டால் மண்ணில் தழைச்சத்து ஏறும் என்று காட்டினார். சரி, விளைந்த பயறை யார் வாங்குவார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சமையல் குறிப்புகளே வந்தன. நிலக்கடலை பயிரிடும் முறையோடு சமைக்க 105 வழிகளையும் சேர்த்து 1916ல் ஒரு கையேடு போட்டார். விற்காவிட்டாலும் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆய்வகத்துக்குக் கருவிகள் இல்லாமல், குப்பையில் கிடந்த பாட்டில்களையும் ஜாடிகளையும் மாணவர்களைவிட்டுப் பொறுக்கிவரச் செய்துதான் வேலையைத் தொடங்கினார்.

அப்புறம் அந்த வண்டி. 1906ல் ஜெசப் என்ற நியூயார்க் வங்கியாளர் பணம் கொடுத்தார், அதனால் அது ஜெசப் வண்டி. கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாவற்றையும் ஏற்றி, கோவேறு கழுதை பூட்டி, ஊர் ஊராகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கையேடு உதவாது, அவர் வயலிலேயே உழுது காட்ட வேண்டும். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போன தாமஸ் மன்ரோ கேம்ப்பெல்தான் அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். நாங்கள் உருப்போட்ட 1914 சட்டத்துக்கு எட்டு வருடம் முந்திய கதை இது. அந்தச் சட்டம் வந்தபோது தெற்கில் பணம் போனதோ வெள்ளையர் கல்லூரிகளின் கைக்கு!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்தப் பல்கலைக்கழகங்களைப் பற்றி யார் பேசினாலும் 'எவ்வளவு குறைந்த பணத்தில் எவ்வளவு சாதித்தார்கள்' என்று பாராட்டுகிறார்கள். அந்தக் குறைந்த பணம் தானாக அமைந்ததில்லை. ஹாட்ச் சட்டத்தின் ஆராய்ச்சிப் பணம் இவர்களுக்கு எட்டவே இல்லை. ஆராய்ச்சிக்கென்று நிலையான ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது 1977ல். தொண்ணூறு வருடம் கழித்து!

அதன் பிறகாவது சரியாகிவிட்டதா? மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. 1862 கல்லூரிகளுக்கு மாநிலங்கள் அதைப் போடுகின்றன, பல இடங்களில் கூடுதலாகவே போடுகின்றன. 1890 கல்லூரி என்றால் பாதிக்கு மேல் உள்ள பங்குக்கு விலக்கு கேட்கலாம் என்று ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் நுழைந்து 2010 முதல் 2012 வரை மூன்றே வருடத்தில் மாநிலங்கள் போடாமல் விட்ட பணம் மட்டும் கிட்டத்தட்ட 5.7 கோடி டாலர். 2023 செப்டம்பரில் கல்வி, வேளாண் துறைச் செயலர்கள் இருவரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை மாணவர் தலைக்குச் சமமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கல்லூரிகளுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 210 கோடி.

இதைக் கல்லூரிகளின் வரவு செலவாக மட்டும் பார்க்காதீர்கள். 1920ல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேல். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. கடன் மறுப்பு, நிலப் பறிப்பு, வன்முறை, நகரத்துக்குப் பெயர்ந்தது என்று காரணங்கள் பல. ஆனால் அவர்கள் வீடு தேடிப் போய் மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சம்பளம் இல்லாமல் போனதும் அதில் சேரும்தானே?

பணம் இல்லாத இடத்திலும் யாரை மறக்கக் கூடாது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகம் ஆட்டு ஆராய்ச்சியில் பேர் வாங்கியது. மாட்டுப் பண்ணை வைக்க முடியாதவர் நாலு வெள்ளாடு வளர்ப்பார் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? வர்ஜீனியா ஸ்டேட்டில் சிறு விவசாயிகளுக்காகப் பாலித்தீன் கூடாரத்துக்குள் இஞ்சியும் மஞ்சளும் போட்டுப் பார்த்தார்கள். அந்த மஞ்சளைப் பற்றிப் படித்தபோது, நம் வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் அக்கறையாகப் பேசுவதைக் கேட்ட மாதிரி இருந்தது.

2025 தொடக்கத்தில் இந்தப் பல்கலைக்கழகங்களில் வேளாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகையை நிறுத்திவைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அன்று பண்ணையில் பயிற்சி முடிந்ததும் ஒரு பெரியவர், என் அப்பா வயதிருக்கும், வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த மண்ணை மேசையில் வைத்தார். அங்கிருந்த பெண் அலுவலர் கையை விட்டு அள்ளி, உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் வயல், தண்ணீர் தேங்குமா, போன வருடம் என்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே எழுதினார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அந்த 2023 கடிதக் கணக்குப்படி கென்டக்கி மாநிலம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வைத்திருக்கும் பாக்கி 17 கோடி டாலருக்கு மேல்.