ஒரு நடையை நிறுத்தும் முன் ஊரைக் கேளுங்கள்

கிராமத்துக்கு வரும் பஸ் ஒரே நாளில் நின்றுபோவதில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமை மதிய நடை, அதாவது பஸ்ஸின் மதிய ட்ரிப், வராது. "ஆள் இல்லை, அடுத்த வாரம் வரும்" என்பார்கள். அப்புறம் மற்ற நாட்களிலும் அந்த நடை காணாமல் போகும். பிறகு நைட் ஹால்ட் வண்டி ஊரில் தங்காமல் டிப்போவுக்கே திரும்ப ஆரம்பிக்கும். இரவு தங்குகிற வண்டிதான் விடிகாலை முதல் நடை எடுக்கும் என்பதால், அதோடு காலை ஐந்தரை மணி வண்டியும் போயிற்று. காய்கறி மூட்டையோடும் பூக்கூடையோடும் டவுன் சந்தைக்குப் போகிறவர்களின் பிழைப்பு அந்த வண்டியில்தான் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஓர் அறிவிப்பு கிடையாது. நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டுவதில்லை, ஊராட்சிக்கு ஒரு கடிதம் வருவதில்லை. ஜனங்கள் ரோட்டில் நின்று காத்திருந்து, வண்டி வராததைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பஸ்கள் நின்றன. செப்டம்பரில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது பகல் வண்டிகள் வந்தன, டவுனிலிருந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பும் கடைசி வண்டி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு முதலில் கூட்டம் இல்லை என்றார்கள், பிறகு டிரைவர் இல்லை என்றார்கள், அதற்குப் பிறகு மேலே கேளுங்கள் என்றார்கள்.

கூட்டம் இல்லை என்ற பதிலை என்னால் ஏற்கவே முடியவில்லை. கடைசி நடையில் ஏழெட்டுப் பேர்தான் ஏறுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் நாற்பது பேர் டவுனுக்குக் கிளம்புவதே, எவ்வளவு நேரமானாலும் திரும்பி வர ஒரு வண்டி உண்டு என்ற தைரியத்தில்தான். ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணை எட்டரைக்குத்தான் விடுவார்கள். ஒன்பது மணி வண்டி நின்றால் அவளுக்குக் காலை வண்டியும் பயனில்லை, வேலையை விட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு இரவு வீடு திரும்ப வேண்டியவர், ஆட்டோவுக்குக் கொடுக்கப் பயந்து டவுனுக்குப் போவதையே தள்ளிப்போடுவார். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தவணையில் ஒரு பைக் எடுத்துவிடுவார்கள். இப்படிக் காலை நடையின் கலெக்‌ஷனும் மெல்ல இறங்கும். அடுத்த ஆண்டு யாரோ கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, இந்தத் தடமே நஷ்டம் என்று எழுதுவார்கள். நஷ்டத்தை உண்டாக்கியது முதலில் வெட்டிய அந்த ஒரு நடை. ஒவ்வொரு நடையையும் தனித்தனியாக எடைபோட்டால் இது கண்ணில் படாது. போகவும் வரவும் சேர்ந்ததுதானே பயணம்?

அரசாங்கம் ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் எடுத்துக்கொள்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மாலை வண்டி எப்போது வரும் என்று தெரியாத ஊரில், அப்பா என்ன சொல்கிறார்? "படித்தது போதும், இருட்டினால் யார் கூட்டிக்கொண்டு வருவது?" ஆயிரம் ரூபாயால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பள்ளியும் அப்படித்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதைத் தாண்டி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஐந்து கிலோமீட்டர், பிளஸ் டூ என்றால் இன்னும் தூரம். பிள்ளைகளின் பையில் இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ்தான் இல்லை.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடக்கிறது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சலுகை சாதாரண டவுன் பஸ்ஸில்தான் உண்டு. வெள்ளை போர்டு மாட்டிய அந்தச் சாதாரண வண்டி வராத ஊரில் அந்த 888 ரூபாயும் வராது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கு இந்தச் சலுகை நீட்டிக்கப்படும் என்ற அறிவிப்பே 2024 பட்ஜெட்டில்தான் வந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் ஒவ்வொரு பெண்ணுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியம் தருகிறது. அப்படியென்றால் எந்த நடையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற விவரம் டிப்போவில் இருக்கிறது. கூட்டம் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டாம், அந்தக் கணக்கை எடுத்து ஊர் முன்னால் வையுங்கள். வைத்தால் நாங்களும் பேசத் தயார்.

மினி பஸ் வருகிறதே என்பார்கள். 1997இல் வந்த மினி பஸ் திட்டம் உள்ளடங்கிய பல ஊர்களுக்கு முதல் பஸ்ஸைக் காட்டியது, அதை மறக்கக் கூடாது. பிறகு ஷேர் ஆட்டோ, பைக், டீசல் விலை என்று ஒவ்வொன்றாக வந்து அதில் நிறைய வண்டிகள் நின்றுபோயின. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதிய திட்டம் தொடங்கப்பட்டது. தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் 65 சதவீதமாவது வேறு பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. வரவேற்கிறேன். ஆனால் அது தனியார் வண்டி, பெண்கள் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். டீசல் காசு தேறாத இரவு நடையை ஒரு தனியார் முதலாளி எத்தனை நாள் ஓட்டுவார்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நடையை ஓட்டத்தான் அரசுக் கழகம் இருக்கிறது. 1972இல் பேருந்துக் கழகங்களை ஆரம்பித்ததன் நியாயமே அதுதான்.

டிரைவர், கண்டக்டர்களோடு சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடையை வெட்டுவது அவர்கள் இல்லை. ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்காமல் பல ஆண்டுகள் ஓடின. இருக்கிறவர்கள் டபுள் டூட்டி பார்த்துத்தான் இந்த அளவுக்காவது வண்டிகள் ஓடுகின்றன. தீபாவளி, பொங்கல், திருவண்ணாமலை பௌர்ணமி என்று சிறப்புப் பேருந்துகள் விடும்போது, ஆளும் வண்டியும் எங்கிருந்து வரும்? யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த தடங்களில் இருந்துதான். பண்டிகைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு வண்டி வேண்டும்தான். ஆனால் டவுனில் வந்து இறங்கியவர் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை எப்படிக் கடப்பார் என்று யாராவது யோசித்திருந்தால், முதலில் கிராமத்து வண்டியின் மேல் கை வைத்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு நடையை நிரந்தரமாக நிறுத்துவதென்றால், ஒரு மாதம் முன்பே ஊராட்சிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தடத்தின் பயணிகள் கணக்கோடு அதைக் கிராம சபையில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன, இடமில்லை என்று சொல்ல முடியாது. முதல் நடையையும் கடைசி நடையையும் கலெக்‌ஷனை வைத்து வெட்டக் கூடாது, அவற்றைத் தொடக்கூடாத நடைகள் என்றே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரப் பலகை வேண்டும். பலகையில் நேரம் எழுதியிருந்தால்தான், வராத வண்டியைப் பற்றி ஒருவர் உறுதியாகப் புகார் கொடுக்க முடியும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். தீர்மானத்தின் நகலைத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுப்போம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எங்கள் தடத்துக்கு ஒதுக்கிய நடைகள் எத்தனை, உண்மையில் ஓடியவை எத்தனை என்று கேட்கிறோம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். உங்கள் ஊரிலும் நடைகள் நின்றிருந்தால் இதையே செய்யுங்கள். ஒரே தடத்தில் இருக்கும் ஊராட்சிகள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. மனுவில் தட எண், நடையின் நேரம், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். அதே விவரத்தை இங்கே கமெண்டிலும் போடுங்கள், ஊர் வாரியாகத் தொகுத்து எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.