அரண்மனைக் கடிதங்களைக் குடும்ப வம்பு என்று ஒதுக்காதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியல் என்றதும் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க், பிரிட்டிஷ் பிரதமர்கள் டிஸ்ரேலி, கிளாட்ஸ்டன் என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். அதே காலத்தில் அரசிகளும் இளவரசிகளும் எழுதிக் குவித்த கடிதங்களைக் கேட்டால், அவை குடும்ப விஷயமாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் விக்கி, 1858-இல் பதினேழு வயதில் பிரஷ்ய இளவரசர் பிரெடெரிக்கை மணந்து பெர்லினுக்குப் போனார். அன்று முதல் 1901-இல் தாய் கண்மூடும்வரை இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏறத்தாழ 8,000. பிரசவமும் பிள்ளைகளின் காய்ச்சலும் அவற்றில் உண்டு. டென்மார்க் போரும் பிஸ்மார்க் மீதான வெறுப்பும் உண்டு. பிரஷ்யத் தபாலில் உறையைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று அஞ்சி, முக்கியமானவற்றை நம்பகமான தூதர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வெறும் நலம் விசாரிப்புக்கு யார் இத்தனை காபந்து செய்வார்கள்?

1875-இல் ஜெர்மனி மீண்டும் பிரான்ஸ் மீது பாயப்போகிறது என்ற பீதி எழுந்தது. விக்டோரியா ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்கே கடிதம் எழுதி, பெர்லினில் சமாதானத்துக்காகப் பேசும்படி கேட்டார். பிரிட்டனும் ரஷ்யாவும் நெருக்க, பீதி அடங்கியது. இது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்?

இந்தக் கடிதங்கள் நன்மை மட்டுமே செய்தன என்று நான் சொல்லமாட்டேன். தாயின் ஓயாத அறிவுரை மகளுக்கே வினையாக முடிந்தது. விக்கி மீது விழுந்த 'ஆங்கிலேயக்காரி' முத்திரை கடைசிவரை அழியவில்லை. பிஸ்மார்க் தரப்பு அதை ஈவிரக்கமின்றிப் பயன்படுத்தியது. 1888-இல் பிரெடெரிக் ஜெர்மன் பேரரசராக அரியணையேறி, 99 நாட்களில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். உடனே மகன் இரண்டாம் வில்ஹெல்ம் அரண்மனையைச் சிப்பாய்களைக் கொண்டு வளைத்து, பெற்றோரின் காகிதங்களைத் தேடவைத்தார். கணவரை இழந்து நின்ற தாயின் வீட்டில்! முக்கியமானவை முந்தைய ஆண்டே இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தன.

1901-இல், விக்டோரியா இறந்த சில வாரங்களில், சாகக் கிடந்த விக்கியைப் பார்க்கத் தம்பி ஏழாம் எட்வர்ட் ஜெர்மனியின் குரோன்பெர்க் மாளிகைக்கு வந்தார். அவருடைய செயலாளர் பொன்சன்பியைத் தனியே அழைத்து, தன் கடிதங்களை ரகசியமாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும்படி விக்கி கேட்டார். சிறு கட்டாக இருக்கும் என்று பொன்சன்பி நினைத்திருந்தார். நள்ளிரவு தாண்டி நான்கு பேர் தூக்கிவந்தவை, கறுப்பு மெழுகுத்துணி சுற்றிய இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றின்மேல் பீங்கான் என்றும் மற்றதன்மேல் புத்தகங்கள் என்றும் எழுதி ஒட்டினார். வில்ஹெல்ம் அதே மாளிகையில் தங்கியிருக்கும்போதே பெட்டிகள் வெளியேறின. அந்த ஆகஸ்டிலேயே விக்கி இறந்தார்.

இங்கிலாந்திலும் கதை வேறல்ல. கடைசி மகள் பியட்ரிஸ், விக்டோரியாவின் நாட்குறிப்பைத் தனக்கு வேண்டியபடி படியெடுத்துவிட்டு மூலத்தை அழித்தார். சொந்த ரத்தமே எரிக்கவும் பறிக்கவும் துடித்த காகிதங்களை, நாம் மட்டும் எந்த அறிவில் அரட்டை என்று தள்ளுகிறோம்?

பொன்சன்பி 1928-இல் அந்தக் கடிதங்களின் ஒரு பகுதியை நூலாக்கினார். முடியிழந்து ஹாலந்தில் ஒதுங்கியிருந்த வில்ஹெல்ம் அதைத் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஜெர்மன் பதிப்பின் உரிமையை வாங்கி, தாயின் சொற்களுக்கு முன்னால் தம் தரப்பைச் சொல்லும் முன்னுரையைத் தாமே எழுதிச் சேர்த்தார்.