டிஜிட்டல் வேறு, என்க்ரிப்ஷன் வேறு
போலீஸ் ரேடியோ டிஜிட்டலுக்கு மாறியதுமே ஸ்கேனரில், அதாவது ரேடியோ பேச்சைத் தேடிப் பிடிக்கும் கருவியில், கேட்பவர்கள் காலம் முடிந்தது என்று இந்தக் கட்டுரை சொல்வது சரியில்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் பி25 என்ற டிஜிட்டல் முறைதான், அதைக் கேட்கிற ஸ்கேனர் கடையிலேயே கிடைக்கிறது. கதவைச் சாத்துவது என்க்ரிப்ஷன், அதாவது சாவி இல்லாதவர்களுக்குப் பேச்சு புரியாதபடி மாற்றுவது; அது தனியாகப் போடுகிற பூட்டு. அப்புறம், பெங்களூரிலும் கணினியில் செருகி ரேடியோ கேட்கும் ஒரு டாங்கிள் வாங்கி போலீஸ் பேச்சைக் கேட்கலாமா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டம் இங்கே 1933லேயே வந்துவிட்டது. ஆசையை விட வேண்டாம், ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோவுக்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கு. அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்று, கையில் பிடித்த ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்திலிருந்து வந்த குரலை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது, பத்து நிமிடத்துக்குள் அது தொடுவானத்தில் இறங்கிவிட்டாலும் அன்று இரவு தூக்கமே வரவில்லை.