ஜீ.எஸ். தந்துவிட்டுப் போன படிவம்

போன கிழமை எங்கள் கிராம அலுவலர், ஜீ.எஸ். வந்து வாக்காளர் இடாப்புப் (வாக்காளர் பட்டியல்) படிவத்தைத் தந்துவிட்டுப் போனார். சித்தியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய பெயரை எழுத நான் பேனையை எடுத்தபோது, "என்ர பேரைப் போடாதேங்கோ அக்கா. நான் எப்பிடியும் வெளிநாடு போயிடுவன். இங்க இருந்தாலும் ஆர் வந்தென்ன, எங்களுக்கு எல்லாம் ஒண்டுதானே" என்றான்.

அம்மாயி விறாந்தையில் இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பி அறைக்குள் போய்விட்டார். அவர் ஏன் போனார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு மட்டுமல்ல, வன்னியில் எங்கள் ஊரான விசுவமடுவில் அவனோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விளங்காது. அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாயி மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் அவருடைய அப்பாவும் அம்மாவும் வாக்குப் போட்டவர்கள். தோட்டத் தமிழர் அந்த முறை தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கான சனத்தின் பெயர்கள் இடாப்பிலிருந்து போயின. 1952இல் தேர்தல் நடந்தபோது அவர்களிடம் வாக்குக் கேட்டு ஒருவரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் வரவில்லை. வர ஒரு தேவையும் இருக்கவில்லை.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மாயி சொன்ன ஒன்று இன்றைக்கும் மனதில் நிற்கிறது. "வோட்டு இருந்தப்ப கங்காணியே எங்கப்பாவை பேர் சொல்லிக் கூப்புட்டான். வோட்டு போனப்புறம் செக்ரோல் நம்பர்தான்." செக்ரோல் என்பது தோட்டத்துப் பேர்ப்பதிவு. பெயர் போய் இலக்கம் மிஞ்சியது.

1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளையும் ஒரு பெட்டியையும் கொண்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டி, கிணறு தோண்டி, வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து கட்டினார். ஆனாலும் அவர் இந்த நாட்டின் பிரசை இல்லை. குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரசை ஆனார். 2005 ஜனாதிபதித் தேர்தலில் இங்கே ஒருவரும் வாக்குப் போடவில்லை, போட விடப்படவுமில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஓடியதில் கடதாசிகள் எல்லாம் போயின. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்து அடையாள அட்டை எடுக்கவே வருடங்கள் ஆயின. தோட்டத்தில் பிறந்தவருக்குப் பிறப்பத்தாட்சி எங்கே தேடுவது?

அம்மாயி தன் வாழ்நாளில் முதல் தடவையாக வாக்குப் போட்டது 2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில். எழுபதைத் தாண்டிய வயதில். நான்தான் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வெளியே வந்து விரலில் இருந்த மையைப் பார்த்தபடியே வீடு வரைக்கும் நடந்தார். இரண்டு நாள் அந்த விரலைத் தண்ணீரில் படாமல் வைத்துக்கொண்டு சமைத்தார்.

தம்பி, "எங்களுக்கு எல்லாம் ஒண்டுதானே" என்று நீ சொன்னது அந்த மனிசிக்கு முன்னால்.

2005ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னி என்றால் எங்களுக்குக் கிளிநொச்சியும் சேர்ந்துதான். தேர்தல் ஆணைக்குழுவின் கணக்கில் அப்படி இல்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான் வன்னித் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு. அந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அன்று பதிந்திருந்த வாக்காளர் கிட்டத்தட்ட 7 இலட்சம். வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். நாடு முழுவதும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள். மற்றவர் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று வென்றவர்தான் 2009 மே மாதத்திலும் ஜனாதிபதி. அந்த மாதத்தில் நாங்கள் எங்கே கிடந்தோம் என்று எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. "தென்னிலங்கைத் தேர்தல், எங்களுக்கென்ன" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த 180,786 என்ற இலக்கம்தான் என் காதில் கேட்கிறது.

சரி, யுத்தத்தை விடு. வயலுக்கு வா.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து ஒரு வர்த்தமானி (அரச அறிவித்தல்) வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் கமக்காரர் அமைப்புக்கும் தெரியாது, கமநல சேவை நிலையத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் அந்தக் காலபோக நெற்செய்கைக்கு யூரியா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. மாமாவின் மூன்று ஏக்கரில் பயிர் மஞ்சளாய் நின்றது. வெட்டு முடிந்து மூடைகளை எண்ணினபோது வழமையில் பாதிகூட இல்லை. மாமி காதுத்தோட்டை அடகு வைத்தார், அது இன்னும் மீளவில்லை. அந்த முடிவை எடுத்தவரை 2019இல் இந்த நாடு ஜனாதிபதியாக்கியது. நாங்கள் அவருக்குப் போடவில்லைத்தான். ஆனாலும் அவருடைய ஒரு கையெழுத்து இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலுக்குள்ளும், முத்தையன்கட்டுத் தண்ணீர் பாயும் வயலுக்குள்ளும் வந்து நின்றது.

எங்கள் காணியில் அடையாளக் கல் போடும் வனவளத் திணைக்களம், மலையையும் மேட்டையும் அளக்கும் தொல்லியல் திணைக்களம், யானை வேலிக்குப் பொறுப்பான வனஜீவராசிகள் திணைக்களம், நெல்லுக்கு விலை வைப்பது, முல்லைத்தீவுக் கடலில் அடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகு வந்தால் இந்தியாவோடு பேசுவது, எல்லாம் கொழும்பு. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பிறகு அதற்குத் தேர்தலே வைக்கவில்லை. மாகாணத்தை நடத்துபவர் ஆளுநர். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆக, இந்த விடயங்களில் நாங்கள் கை வைக்கக்கூடிய ஒரே பிடி இந்தத் தேசியத் தேர்தல்தான். அதையும் வேண்டாம் என்றால் எதைப் பிடிக்கப் போகிறோம்?

"2015இல் போட்டோமே, என்ன கிடைச்சது?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. வன்னியில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஒரே பக்கம் போட்டோம். காணாமல் ஆக்கப்பட்டோருக்கு ஓர் அலுவலகம் வந்தது, பிள்ளைகள் வரவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அம்மாமார் 2017இல் தெருவோரம் இருந்தார்கள், பதில் கிடைக்காமலே பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அவர்கள் பந்தல் போட்டு இருக்க முடிந்ததும், முல்லைத்தீவின் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைப் பிடித்திருந்த முகாம் வாசலில் படுத்துக் கிடந்து அதைத் திரும்ப வாங்க முடிந்ததும் அந்தக் காலத்தில்தான். 2012இல் அப்படி இருக்க விட்டிருப்பார்களா என்று அந்த ஊர்ச் சனத்திடம் கேட்டுப்பார். இழுவைமடித் தொழிலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுபோய் நிறைவேற்றியதும் 2017இல். வாக்கு எல்லாவற்றையும் தரவில்லை. மூச்சு விட இடம் தந்தது.

போன வருடம் நடந்ததையும் பார். 2025 மார்ச் 28ஆம் திகதி வந்த வர்த்தமானி ஒன்று வடக்கில் கிட்டத்தட்ட 6000 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை நிரூபிக்காவிட்டால் அரச காணி என்றது. யுத்தத்தில் காணி உறுதியைத் தொலைத்த சனத்துக்கு மூன்று மாதம்! எதிர்ப்பு எழுந்தது, பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, வழக்குப் போனது, கடைசியில் மீளப்பெற்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எப்படி அங்கே போனார்கள்?

எங்கள் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனத்துக்குப் போட்டியிட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நாற்பதைத் தாண்டின. ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். ஐந்து சதவீதம் எடுக்காத பட்டியலுக்கு விழுந்த வாக்கு ஆசனக் கணக்கிலேயே வராது என்று அதில் போட்டியிட்டவர்களே சனத்துக்குச் சொல்லவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாக்கு எடுத்த கட்சி முதலாவதாக வந்து, அதற்குரிய மேலதிக ஆசனத்தோடு இரண்டைப் பெற்றது. மிச்சம் நான்கும் நான்கு கட்சிக்கு. தேசியம் பேசி மேடை ஏறியவர்கள் ஒருவரையொருவர் வெட்டி விழுத்திவிட்டு, அடுத்த நாள் சனத்தைக் குறை சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டுவதற்கும் வாக்குச்சீட்டில் போடும் புள்ளடியைத் தவிர வேறு ஆயுதம் எனக்குத் தெரியவில்லை. அந்த முறை சனம் காட்டியதும் அதைத்தான்.

அதே வருடம் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் ஒருவரும் பாதியைத் தாண்டாமல், இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். உனக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் யாரைப் பொறுத்துக்கொள்ளலாமோ அவருக்கு 2 போடலாம். எங்கள் பக்கம் அநேகமானோர் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லித்தர வேண்டியது என்னைப் போலப் படித்த ஆட்கள். நான் சொல்லித்தரவில்லை, அது என் குறை.

நீ வெளிநாடு போகலாம், போ. போகும்வரைக்கும் இங்கேதானே இருக்கிறாய். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதையே இடாப்பில் இருக்கும் பெயர்களை எண்ணித்தான் தீர்மானிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போன மூன்று ஆசனமும் போனவர்களின் பெயர்கள்தான். எங்கள் ஆறு ஐந்தாகும் நாளையும் பார்க்க வேண்டுமா?

படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது. நான் உன் பெயரை எழுதவில்லை, உன் கையாலேயே எழுது என்று விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜீ.எஸ். வந்து வாங்கிக்கொண்டு போவார். நேற்று இரவு அம்மாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்துத் தன்னுடைய பெயர் இருக்கும் வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கீழே வெறுமையாய் இருந்த வரியைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார்.